தனியாக இருந்தால் தொடுவதில்லை, நண்பர்கள் கூடினால் நிறுத்த முடிவதில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. வீட்டில் தனியாக இருக்கும்போது குடிக்கத் தோன்றியதே இல்லை. ஆனால் சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஐந்து பேர் கூடிவிட்டால் கணக்கே மறந்துபோகிறது. முன்பு மாதம் ஒருமுறை. இப்போது வாரம் தவறுவதில்லை. ‘ரெண்டு பெக்கோட எழுந்துடுவேன்’ என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். யாராவது ஒருவன் கிளாஸைக் காலி செய்ததும் எல்லோருக்கும் அடுத்த ரவுண்டு வந்துவிடும். வேண்டாம் என்றால், ‘என்னடா, வீட்டுல திட்டா?’ என்று சிரிப்பார்கள். ஒருவன் மட்டும் ஒரே கிளாஸை இரவு முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் கண்டுகொள்வதில்லை.

போன மாதம் என் 12 வயது மகளின் பிறந்தநாள். அன்று காலை என்னால் எழவே முடியவில்லை. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் மனதை அறுக்கிறது. நான் குடிக்கு அடிமையாகிவிட்டேனா? இருபது வருட நட்பை விட்டுவிட வேண்டுமா?

- ஒரு வாசகர்

அன்பு நண்பருக்கு,

நட்பை விடுவதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

அடிமையா இல்லையா என்பதை ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. தனியாகக் குடிக்காதவருக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை மட்டும் தவறு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. அதில் 8 புள்ளிகளோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். குடிக்காத நாட்களில் கை நடுக்கமோ வியர்வையோ இருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும்.

உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் தங்களை அறியாமலே ஒருவர் வேகத்துக்கு ஒருவர் குடிப்பார்கள். ரவுண்டு முறையில் இது இன்னும் மோசம்: வேகமாகக் குடிப்பவர்தான் எல்லோருடைய அளவையும் தீர்மானிக்கிறார். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் நட்பு, உறவு வலையை, 1971 முதல் 2003 வரையிலான தகவல்களைக் கொண்டு ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். நெருங்கியவர் அதிகம் குடித்தால் ஒருவர் தானும் அதிகம் குடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். நண்பரின் நண்பர் குடித்தால்கூட 36 சதவீதம். அதே ஆய்வில், குடிக்காதவர் அருகில் இருந்தால் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 29 சதவீதம் கூடியிருந்தது.

அதனால்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒற்றைக் கிளாஸ் நண்பர் எனக்கு முக்கியமாகத் தெரிகிறார். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கோடுகளின் நீளத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுற்றியிருந்தவர்கள் ஆஷ் முன்பே சொல்லிவைத்தபடி தவறான விடை சொன்னபோது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முறை சோதனைக்கு வந்தவரும் அதையே சொன்னார். சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அது சுமார் 5 சதவீதமாகச் சரிந்தது.

அந்த நண்பரிடம் சனிக்கிழமைக்கு முன்பே மனம்விட்டுப் பேசுங்கள். அவரும் உங்களைப் போல ஒரு துணைக்காகக் காத்திருக்கலாம். அன்று அவர் பக்கத்தில் உட்காருங்கள். ரவுண்டில் சேராமல், உங்களுடையதை நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். மற்றவர்களிடமும் கிளாஸ் கைக்கு வரும் முன்பே, போனிலேயே சொல்லிவிடுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்ற சாக்கு அடுத்த வாரம் செல்லாது. ‘இனி எனக்கு ரெண்டு போதும்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டில் நிற்க முடியவில்லை என்று தெரிந்தால், சில வாரங்கள் அந்த மேசைக்கே போகாதீர்கள். அதே நண்பர்களைப் பகலில் சந்தியுங்கள். கிளாஸ் இல்லாமலும் உங்களோடு பேச யார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகு, நட்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வரலாம்.

மகளிடம் நீங்களாகவே அந்தப் பிறந்தநாளைப் பற்றிப் பேசுங்கள். இனிமேல் தொடவே மாட்டேன் என்ற சத்தியமெல்லாம் இப்போது வேண்டாம். ஏன் எழ முடியவில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, வருத்தப்படுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் ஏதாவது கேட்டால் இடைமறிக்காமல் கேளுங்கள்.