மார்க்டவுனில் தமிழ் எழுத எடிட்டரை அமைத்தல்: கேள்வி பதில்

கோவில் மலர், காவடி விழா அறிவிப்பு, மாலை வகுப்புப் பாடக்குறிப்பு ஆகியவற்றை மார்க்டவுனில் (தலைப்புக்கு #, தடித்த எழுத்துக்கு நட்சத்திரம் என்று சாதாரண உரையிலேயே குறியிட்டு எழுதும் முறை) எழுதத் தொடங்கியிருக்கும் மொரீஷியஸ் நண்பர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எனக்குப் பழக்கமானவை ஈமாக்ஸ், விம், வி.எஸ். கோட் ஆகிய எடிட்டர்களும், கோப்பை அச்சுக்கு மாற்றித் தரும் பாண்டாக்கும். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: எடிட்டரின் செருகுநிரல் (கூடுதலாக நிறுவும் சிறு நிரல்) வண்ணம் பூசுவதுபோலத் திரையில் தெரிவதை மட்டுமே மாற்றுகிறது. கோப்பு எப்படி வெளிவரும் என்பதை முடிவு செய்வது மாற்றி. கேள்வி கேட்கும்போது எந்த மாற்றி என்று சொல்லுங்கள்.

ரோஸ் ஹில், ஆசிரியை: ஈமாக்ஸ் மார்க்டவுன் மோடில் சில தலைப்புகளுக்கு வண்ணமே வருவதில்லை. வேறு சில வண்ணத்தோடு தெரிகின்றன; ஆனால் பாண்டாக்கில் மாற்றினால் # குறியோடு சாதாரண வரியாகவே நிற்கின்றன.

அம்மா, இவை இரண்டு தனித்தனிப் பிழைகள். வண்ணம் வராதவற்றில் # குறிக்கு அடுத்த இடைவெளியைச் சோதியுங்கள். நீங்கள் பிரெஞ்சு விசைப்பலகையில் லினக்ஸ் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆல்ட்ஜிஆர் விசையோடு 3-ஐ அழுத்தினால்தான் # வரும். அந்த விசையிலிருந்து விரல் எடுபடுவதற்குள் இடைவெளி விசையைத் தட்டிவிட்டால், சாதாரண இடைவெளிக்குப் பதிலாக முறியா இடைவெளி (அந்த இடத்தில் வரி உடையாமல் பிணைக்கும் இடைவெளி) விழுந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் மார்க்டவுன் அதை இடைவெளியாக ஏற்காது. ஈமாக்ஸ் அந்த எழுத்தை வேறு நிறத்தில் காட்டும். விம்மில் லிஸ்ட்சார்ஸ் அமைப்பில் முறியா இடைவெளிக்கு ஒரு குறி கொடுத்து, லிஸ்ட் அமைப்பையும் இயக்கினால் புலப்படும். பிரெஞ்சு மேற்கோள் குறிகளுக்கு உள்ளே இந்த இடைவெளி தேவைப்படுவதால், கோப்பு முழுவதும் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். # குறியை அடுத்து வருவதை மட்டும் தேடி மாற்றுங்கள்.

வண்ணம் வந்தும் அச்சில் கெடுபவை வேறு வகை. பாண்டாக்கின் மார்க்டவுனில் தலைப்புக்கு மேலே ஒரு வெற்று வரி இருந்தாக வேண்டும். 2014-இல் மார்க்டவுனுக்கென வந்த பொது விதித்தொகுப்பான காமன்மார்க்கில் அந்தக் கட்டாயம் இல்லை. செருகுநிரலுக்கும் இல்லை. அதனால்தான் திரையில் சரியாகத் தெரிந்தது அச்சில் கெட்டது. பட்டியல்களுக்கும் பாண்டாக்கில் இதே விதிதான்.

போர்ட் லூயி: எந்த எடிட்டர் சிறந்தது?

இப்போது உங்கள் கைக்குப் பழகியிருப்பது எதுவோ, அதுவே.

கத்ர் போர்ன், கோவில் மலர் தொகுப்பாளர்: பதிகத்தின் நான்கு அடிகளையும் நான்கு வரிகளாகத்தான் எழுதுகிறேன். வெளியீட்டில் ஒரே பத்தியாக ஓடிவிடுகின்றன. வரி முடிவில் இரண்டு இடைவெளி வைத்தேன். மறுநாள் திறந்தால் அவை இல்லை.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஜான் குரூபர் 2004-இல் மார்க்டவுனை வெளியிட்டபோதே வரி முறிவுக்கு இரண்டு இடைவெளி என்று வகுத்தார். உரைநடைக்கு அது எப்போதோ ஒருமுறைதான் தேவைப்படும். நமக்கோ ஒவ்வோர் அடிக்கும் தேவை. உங்கள் இடைவெளிகளை அழித்தது எடிட்டர்தான்: வி.எஸ். கோடில் 'டிரிம் டிரெய்லிங் ஒயிட்ஸ்பேஸ்' என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது வரி முடிவுகளைத் துடைத்துவிடும். நிரல் எழுதுவோர் தரும் ஆயத்த அமைப்புக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இதுவும் கூடவே வந்துவிடும். ஈமாக்ஸில் சேமிப்பதற்கு முன் தானாக ஓடும் கட்டளையான ஹுக்கிலும், பல எடிட்டர்களுக்குப் பொதுவான எடிட்டர்கான்ஃபிக் அமைப்புக் கோப்பிலும் இதே வேலை நடக்கும். மார்க்டவுன் கோப்புகளுக்கு மட்டுமாவது இதை நிறுத்துங்கள். பாடல் வரிகளைக் கையாளும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிப் பாடல் அடியை ஒப்படைப்பதை நான் ஏற்கவில்லை. பாண்டாக்கில் இதற்கென்றே 'லைன் பிளாக்' என்ற வழி இருக்கிறது. ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் | குறியும் ஓர் இடைவெளியும் வையுங்கள். அடிகள் அப்படியே நிற்கும். இரண்டாம் அடியை உள்ளே தள்ளி எழுதினால் அந்த இடமும் காப்பாற்றப்படும், தடித்த எழுத்தும் வேலை செய்யும். பிரெஞ்சு விசைப்பலகையில் | குறிக்கு ஆல்ட்ஜிஆர் விசையோடு 6.

வாக்வா: விம் மார்க்டவுன் செருகுநிரலை நிறுவியதும் கோப்பில் தலைப்பு வரிகள் மட்டுமே தெரிகின்றன. எழுதியதெல்லாம் எங்கே?

அழியவில்லை, மடிக்கப்பட்டிருக்கிறது. சிறிய இசட், பெரிய ஆர் இரண்டையும் தட்டினால் எல்லாம் விரியும். நிலையாக நிறுத்த, அந்தச் செருகுநிரலின் 'ஃபோல்டிங் டிஸேபிள்ட்' விருப்பத்துக்கு 1 என்ற மதிப்பைக் கொடுங்கள்.

திரியோலே: பாடல் வரிகளுக்கு இவ்வளவு சிரமம் எதற்கு? வரி முடிவில் வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல்.-இன் 'பிஆர்' என்ற வரி முறிவுக் குறியை இட்டால் போதாதா? அல்லது நான்கு இடைவெளி விட்டு நிரல் கட்டமாக வைத்துவிடலாமே.

போதாது. உங்கள் மலர் அச்சுக்குப் போகிறது. பாண்டாக் பி.டி.எஃப். அல்லது வேர்ட் கோப்பு உருவாக்கும்போது எச்.டி.எம்.எல். குறிகளை விட்டுவிடும். அடிகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நிரல் கட்டம் அதைவிட மோசம். அது சம அகல எழுத்துருவில் அச்சாகும். அந்த எழுத்துருவில் பெரும்பாலும் தமிழே இருக்காது. நட்சத்திரக் குறிகள் நட்சத்திரமாகவே நிற்கும். பக்தர்கள் கையில் போய்ச் சேரும் பாடலைக் கணினி நிரல்போல அச்சிடுவது அந்தப் பாடலுக்குச் செய்யும் குறை என்றே நினைக்கிறேன்.

கியூர்பிப்: நீங்கள் சொன்ன | குறியை கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். கோடுகள் அப்படியே தெரிகின்றன, வரிகளும் ஒட்டிவிட்டன. உங்கள் வழியும் எல்லா இடத்திலும் செல்லவில்லையே!

லைன் பிளாக் பாண்டாக்கிற்கு உரியது. கிட்ஹப் பின்பற்றுவது காமன்மார்க்கின் விரிவு. மாற்றியின் பெயரைத் தொடக்கத்திலேயே கேட்டதற்குக் காரணம் இதுதான். இரண்டு இடங்களிலும் ஒரே கோப்பு செல்ல வேண்டுமென்றால், அடியின் முடிவில் \ குறி ஒன்றை வையுங்கள். காமன்மார்க், பாண்டாக் இரண்டுமே அதை வரி முறிவாக ஏற்கும். கண்ணுக்குத் தெரிவதால் எந்த அமைப்பும் அதைத் துடைக்காது. கடைசி அடிக்கு மட்டும் வைக்கக் கூடாது.

திரியோலே, மீண்டும்: அப்படியானால் எல்லாருக்கும் \ குறியையே பரிந்துரைக்கலாமே?

மலர் தொகுப்பவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். நம் மலர்களில் தமிழ் அடிகளுக்குக் கீழே, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ரோமன் எழுத்தில் அதே பாடல் வருகிறது. அதற்கும் கீழே பிரெஞ்சில் பொருள். எங்கே பாடல் முடிந்து உரைநடை தொடங்குகிறது என்பது மூலக் கோப்பிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். | குறி இடப்பக்க ஓரத்தில் நிற்பதால் அது தெரிகிறது. வரி முடிவில் ஒளிந்திருக்கும் \ குறியில் தெரிவதில்லை. அடுத்த ஆண்டு வேறொருவர் அந்தக் கோப்பைத் திறப்பார், அவருக்காகவும் எழுதுங்கள்.

மஹேபூர்: விம்மில் பத்திகள் மறைகின்றன.

வாக்வா நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ரோஸ் ஹில், மாணவர்: தடித்த எழுத்துக்குப் பின் வேற்றுமை உருபு சேர்த்தால் சில இடங்களில் குறிகள் அப்படியே நிற்கின்றன.

தம்பி, நல்ல கவனம். அடிக்கோட்டை (_) வைத்து எழுதினால் சொல்லின் நடுவில் அது முடிவுக் குறியாகாது. உருபு ஒட்டியிருந்தால் குறியாகவே நிற்கும். தமிழுக்கு எப்போதும் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு பள்ளம் உண்டு. தடித்த பகுதி அடைப்புக்குறியிலோ மேற்கோள் குறியிலோ முடிந்து, உடனே 'இல்', 'ஐ' என்று எழுத்து வந்தால் காமன்மார்க் அதை முடிவுக் குறியாக ஏற்பதில்லை. அடைப்புக்குறியை நட்சத்திரங்களுக்கு வெளியே தள்ளுங்கள். மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவில் மட்டும் நட்சத்திரத்தை நுழைக்காதீர்கள், எழுத்தே உடைந்துவிடும்.

குட்லாண்ட்ஸ்: மார்க்டவுன் கோப்புகளில் பிழை சோதிக்கும் மார்க்டவுன்லின்ட் ஒவ்வொரு வரிக்கும் நீளம் அதிகம் என்கிறது. என் வரிகள் குட்டையானவை.

அது எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. வரம்பு 80. எம்.டி. 013 என்ற அந்த விதியை நிறுத்திவிடுங்கள்.

போ பாசன்: தமிழ் விசைப்பலகைக்கு மாறினால் விம், ஈமாக்ஸ் கட்டளைகள் எதுவும் வேலை செய்வதில்லை.

இயங்குதளத்தின் விசைப்பலகையை மாற்றாமல், எடிட்டருக்குள் இருக்கும் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். ஈமாக்ஸில் தமிழ் இன்ஸ்கிரிப்ட், தமிழ் ஐட்ரான்ஸ் இரண்டும் உள்ளன. கட்டளைகள் பாதிக்கப்படாமல் எழுதும் உரை மட்டும் தமிழாகும். மாற்றும் கட்டளை கன்ட்ரோல் \ என்பதால் பிரெஞ்சு விசைப்பலகையில் மூன்று விசைகளை அழுத்த வேண்டிவரும். அதை ஒரு எஃப் விசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விம்மில் கீமேப் அமைப்பு இதே வேலையைச் செய்யும், ஆனால் உடன் வரும் தமிழ்க் கீமேப் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. யூனிகோடுக்கு நீங்களே ஒன்று எழுத வேண்டும்.

கத்ர் போர்ன், வேறொருவர்: என் பாடல் வரிகள் சேமித்ததும் ஒட்டிக்கொள்கின்றன.

மேலே முழுமையாக எழுதியிருக்கிறேன். வரி முடிவைத் துடைக்கும் அமைப்பை நிறுத்துங்கள். அதன் பிறகு | குறிக்கு மாறுங்கள். இதை மீண்டும் கேட்பவர்களுக்கு இனித் தனியாகப் பதில் எழுத மாட்டேன்.

போர்ட் லூயி, அச்சகத்துக்கு அனுப்புபவர்: வேர்டில் பக்க ஓரங்களை அமைப்பது எப்படி?

என் துறை அன்று. பாண்டாக்கில் 'ரெஃபரன்ஸ் டாக்' என்ற விருப்பம் உண்டு. அச்சகத்தாரே அமைத்துத் தந்த வேர்ட் மாதிரிக் கோப்பை அதற்குக் கொடுங்கள்.

வாக்வா, வரலாற்று ஆசிரியர்: காலவரிசை எழுதினேன். '1810. ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர்', '1834. ஒப்பந்தத் தொழிலாளர் வருகை', '1968. விடுதலை'. வெளியீட்டில் 1834 என்பது 1811 ஆகவும், 1968 என்பது 1812 ஆகவும் வந்துவிட்டன. கோப்பில் சரியாகவே இருக்கிறது.

வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் மார்க்டவுனுக்கு அது எண்ணிட்ட பட்டியல். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தானே எண்ணிக்கொள்ளும். குரூபரின் மூல நிரலில் முதல் எண்ணும் தப்பாது. 1, 2, 3 என்றே வரும். ஆண்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் \ குறி இடுங்கள், அல்லது புள்ளிக்குப் பதிலாக முக்காற்புள்ளி வையுங்கள். மாணவர் கைக்குப் போகும் குறிப்பு என்பதால் அச்சுக்கு முன் எல்லா ஆண்டுகளையும் வெளியீட்டிலேயே ஒருமுறை சரிபாருங்கள்.