டீ போட்டதை யார் எழுதச் சொன்னது?

கேள்வி: கோவையில் ஐடி வேலை பார்க்கிறேன். வார இறுதியில் மலையேற ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். மார்ச் முதல் வாரம் 11 பேரிடம் செலவுக்காக ஆளுக்கு 1,800 ரூபாய் வாங்கி அழைத்துப் போனேன். வழி காட்டியது மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர். அவர்கள் தலைமுறை தலைமுறையாக மாடு ஓட்டிப் போகும் பாதை அது, எங்கும் தடைப் பலகை இல்லை. இரவு மேலே தங்கிவிட்டு இறங்கும்போது வனத்துறையினர் பிடித்து, திருடர்களைப் போல வரிசையாக உட்காரவைத்துத் திட்டினார்கள். வெள்ளியங்கிரிக்கு ஊரே போகிறது, அதைக் கேட்க ஆளில்லை. நாங்களோ மற்றவர்கள் போட்ட பிளாஸ்டிக்கைக்கூட மூட்டை கட்டி இறக்கியவர்கள். திங்கட்கிழமை சரக அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் முடிந்துவிடும் என்றார் ஒருவர். கடிதத்தை எழுதிவிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றரைப் பக்கம், ஒளிவுமறைவில்லாமல் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன், உங்கள் மனக்குறைகளைக் கழித்துவிடுகிறேன். வெள்ளியங்கிரிக்குப் பக்தர்கள் போவது வனத்துறை பருவம் பார்த்துத் திறந்துவிடும் பாதையில். ஒரு காடு, அனுமதியில்லாமல் நுழையக் கூடாத காப்புக்காடு ஆவது அரசிதழ் அறிவிப்பால், பலகையால் அல்ல. பலகையை யானை முட்டித் தள்ளினாலும் காடு காப்புக்காடுதான். மாட்டுப் பாதையில் பெரியவருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை இருக்கலாம். ஆனால் அந்த உரிமையை அவர் இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது, அவர் கூட்டிப்போகும் விருந்தாளிக்கு அது ஒட்டாது. திட்டியதற்கும் பிளாஸ்டிக் பொறுக்கியதற்கும் வழக்கில் இடமே இல்லை.

வழக்கை முடிவுசெய்வது ஒரே விஷயம்: அன்று இரவு எந்த நிலத்தில் படுத்தீர்கள்? வெறும் காப்புக்காடு என்றால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம். சரணாலயம் அல்லது புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வரும். அதில் அனுமதியில்லாமல் நுழைந்ததற்கே மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கோவை வனக்கோட்டத்து மலைக்கும் பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை புலிகள் காப்பகத்து மலைக்கும் ஏறுகிறவன் காலில் வித்தியாசம் தெரியாது. சட்டத்தில் அது பெரிய வித்தியாசம். உங்கள் போனில் ஜிபிஎஸ் தடம் பதிவாகியிருக்கும். அதைப் பக்கத்தில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் இன்றே காட்டி, எல்லையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வரி: “காலையில் சுள்ளி பொறுக்கி டீ போட்டுக் குடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் இறங்கினோம்.” பொறுப்பாக நடந்துகொண்டதைக் காட்ட எழுதியிருக்கிறீர்கள். படிக்கும் அதிகாரி கண்ணில் படுவது, தீ காலத்தில் காட்டுக்குள் நெருப்பு மூட்டியதை ஒருவர் தன் கைப்பட ஒப்புக்கொள்கிறார் என்பது. அத்துமீறி நுழைந்தார்கள் என்பதோடு நிற்க வேண்டிய வழக்கில் நெருப்பையும் நீங்களே சேர்க்கிறீர்கள். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் எந்த வன அதிகாரியும் மார்ச் மாதத்து நெருப்பைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தவைதான் 2018ஆம் ஆண்டு மலையேற்ற விதிகள். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது. அவற்றையும் தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவிடுகிறார்கள். நீங்கள் போனது சரியாக அதன் நடுவில்.

இன்னொரு வரி: “ஆளுக்கு 1,800 ரூபாய் வாங்கி நானே ஏற்பாடு செய்தேன்.” மற்ற 11 பேரைக் காப்பாற்ற நினைத்திருப்பீர்கள், புரிகிறது. இதன் பிறகு நீங்கள் கூட்டத்தோடு போனவர் இல்லை, பணம் வாங்கிக்கொண்டு அனுமதியில்லாமல் மலையேற்றம் நடத்தியவர்.

போலீஸிடம் எழுதிக் கொடுத்தது கோர்ட்டில் செல்லாது என்று யாராவது தைரியம் சொல்வார்கள். போலீஸுக்கு அது சரி. வன அலுவலர் போலீஸ் அல்ல என்றே நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்த்திருக்கின்றன, அவரிடம் கொடுத்த ஒப்புதல் உங்கள் மீதே திரும்பும். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் இரண்டு பக்கம் உருக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நிரூபிக்க அரசுத் தரப்புக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. நான் பேச அதில் ஒரு சந்து கிடைக்கவில்லை.

உங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயத்தை அரசியலமைப்பின் 20(3) பிரிவு எடுத்துவிட்டது. பெயர், முகவரி, விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்பது, இணக்கமாக முடித்துக்கொள்ள விரும்புகிறேன் என்பது: நான்கு வரிக்கு மேல் வேண்டாம். அதையும் வழக்கறிஞர் பார்த்த பிறகு கொடுங்கள். குழுவில் இருக்கும் படங்களை அழிக்கும் யோசனை வந்திருந்தால் விட்டுவிடுங்கள். 11 போனில் இருப்பதை ஒரு போனில் அழித்துப் பயனில்லை, சாட்சியத்தை அழித்ததாகத் தனிக் குற்றம்தான் சேரும்.

வழக்கை நடத்தி ஜெயிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். வாய்தா வாய்தாவாக மூன்று நான்கு வருடம் அலைவீர்கள். நடுவில் வெளிநாட்டு வேலை வந்தால், நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கு பாஸ்போர்ட்டில் வந்து நிற்கும். இணக்கக் கட்டணம் கட்டி, அதாவது வழக்கை நடத்தாமல் வனத்துறையிடமே பணம் கட்டி, முடியுங்கள். இரண்டு சட்டத்திலும் அதற்கு வழி உண்டு. வன உயிரினச் சட்டத்தில் 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து லட்சம் வரை கேட்கலாம் என்பதால் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், முதல்முறை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தில் இணக்கம் செய்யும் அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் கீழே இருப்பவருக்குத் தர முடியாது. ஆகவே சரக அலுவலகத்தில் ரசீதில்லாமல் யார் கையில் எதைக் கொடுத்தாலும் வழக்கு அப்படியே உயிரோடுதான் இருக்கும். எழுத்தில் ஆணை வேண்டும். வழக்கு எண், உங்கள் பெயர், எந்தப் பிரிவுகள் முடித்துவைக்கப்பட்டன என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நுழைந்ததை மட்டும் முடித்துவிட்டு, நெருப்பைத் தனியாக விட்டு வைத்திருக்கிறார்களா என்று நின்று படியுங்கள்.

அப்புறம், அந்தப் பெரியவர். “அவர் சொல்லித்தான் போனோம்” என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. பழி அவர் தலையில் இறங்கினால், பணம் யார் கொடுத்தது என்று அவரும் சொல்வார், சொல்ல வேண்டியவரும்தான். அவருக்கு நாளைக்கும் அதே காட்டில் மாடு மேய்க்க வேண்டும். அவருக்கான கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். ரசீதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.