பந்து மேல் நின்றால் பலம் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது. எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். காற்றடைத்த பந்து மேல் நின்று குட்டி டம்பெல் தூக்குவது, காலில் ரப்பர் பட்டை மாட்டிக் குதிப்பது என்று வாரம் ஒரு புதுப் பயிற்சி. "தசையைக் குழப்பினால்தான் வளரும்" என்கிறார் பயிற்சியாளர். வேர்த்துக் கொட்டுகிறது, மறுநாள் உடம்பு வலிக்கிறது. ஆனால் சூட்கேஸை மாடிக்கு ஏற்ற இன்னும் தம்பியைத்தான் கூப்பிடுகிறேன். ஏன்?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வயதையும் மாதத்தையும் தவிர அதில் ஒரு எண்கூட இல்லை. எட்டு மாதத்துக்கு முன் எத்தனை கிலோ தூக்கினீர்கள், இப்போது எத்தனை? தெரியவில்லை அல்லவா, கோளாறு அங்கேதான்.

தசைக்குக் குழப்பமெல்லாம் தெரியாதுங்க. போன தடவையைவிடச் சுமை கூடியிருக்கிறதா, அதுதான் அதற்குப் புரியும். ஒரு பயிற்சியின் முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் அந்த அசைவைப் பழகிக்கொள்வதால். தசை பருப்பது அப்புறம். நீங்களோ பழகி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறீர்கள். உடம்பு வலியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பழக்கமில்லாத அசைவு யாருக்கும் வலிக்கும்.

பந்து விஷயம்: கால் கீழே ஆட்டம் கண்டால் உடம்பு விழாமல் இருக்கத்தான் முதலில் பார்க்கும், முழு விசையோடு தள்ளாது. கணுக்கால் சுளுக்கிலிருந்து தேறுபவருக்கு அது உதவும். உங்களுக்குத் தரைதான் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களின் கால்களை இரும்பு எடையைத் தூக்க வைத்தே தேற்றினார். 1945-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். பின்னாளில் அவர் முறை சுருங்கி இப்படி ஆனது: பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. அதில் பாதியை 10 முறை, முக்காலை 10 முறை, முழுசை 10 முறை தூக்கு. பலம் கூடினால் எடையை ஏற்று. பார்க்கக் கவர்ச்சியே இல்லாத வேலை, ஆனால் இன்றைக்கும் இதற்கு மேல் பெரிய ரகசியம் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது நான்குதான்: ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது), எடையைத் தோளுக்கு மேல் தள்ளுவது, முதுகுத் தசையால் எடையை நம் பக்கம் இழுப்பது. வாரம் இரண்டு நாள் போதும். இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டும் வழக்கமான பார்பெல் கம்பியே 20 கிலோ. கனமாகப் பட்டால் 15 கிலோ கம்பி, அதுவும் முடியாவிட்டால் டம்பெல். எல்லா செட்டும் (10 முறை தூக்குவது ஒரு செட்) கோணாமல் முடிந்ததா, அடுத்த முறை ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏற்றுங்கள். ரத்த அழுத்தம், மூட்டுத் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

என் நோட்டில் மூன்று மாதம் காலியாகக் கிடக்கிறது. வயிற்றில் மின்சார பெல்ட்டைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்த காலம் அது. தசை நன்றாகவே துடித்தது. தொப்பைதான் அசையவில்லை.

கேள்வி: வெயிட் தூக்கினால் பெண்களுக்கு உடம்பு முரடாகிவிடும் என்கிறார்களே?
- இன்னொரு வாசகி

பதில்: தசையைப் பருக்க வைக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண்களைவிட உங்களுக்கு மிகவும் குறைவு, பயப்படாதீர்கள். நானே 22 வருஷமாக முரடாகிவிட முயற்சி செய்கிறேன், சட்டை அளவு இன்னும் அதேதான்.