ஏர்னி ஷேவர்ஸ் ஏன் சாம்பியன் ஆகல? பாக்ஸிங் கேள்வி பதில்

முரளி, பிடோக்: அண்ணே, கிட்டத்தட்ட 70 பேரை நாக் அவுட் பண்ண அமெரிக்க ஹெவிவெயிட் பாக்ஸர் ஏர்னி ஷேவர்ஸ் எப்படி சாம்பியன் பெல்ட் வாங்காம போனாரு?

தம்பி, அடி மட்டும் பத்தாது, மூச்சு வேணும். ஷேவர்ஸ் ரெண்டு மூணு ரவுண்டுலயே ஆளை முடிச்சுப் பழகினவரு, அதுக்குள்ள விழலன்னா இவருக்குக் கை கனத்துப் போயிடும். 1975ல டென்வர்ல ரான் லைலை ரெண்டாவது ரவுண்டுல தரையில போட்டாரு, லைல் எழுந்து வந்து ஆறாவதுல இவரைச் சாய்ச்சுட்டாரு. அதோட இவர் பொறந்த நேரம் அப்படி, எதிர்ல நின்னதெல்லாம் முகமது அலி, கென் நார்டன், லாரி ஹோம்ஸ் மாதிரி பெரிய பாக்ஸருங்க.

செல்வி, தேக்கா: அலி கூட நடந்த ஃபைட்ல நிஜமாவே ஜெயிச்சிருப்பாரா?

ஜெயிச்சிருக்கலாம்மா, எனக்கு இன்னும் மனசு ஆறல. 1977 செப்டம்பர் 29, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரெண்டாவது ரவுண்டுல ஷேவர்ஸோட ரைட் ஹேண்டு ஒண்ணு இறங்குது, அலிக்குக் கால் தள்ளாடுது, ஆனா மனுஷன் வாயைப் பொளந்துகிட்டு வா வான்னு கூப்பிட்டு நடிக்கிறாரு பாருங்க, ஷேவர்ஸ் இது பொறி போலன்னு நெனச்சு பாயாம நின்னுட்டாரு. அந்த சில செகண்டுதான், போனது போனதுதான். 15 ரவுண்டும் ஓடி, கடைசி ரவுண்டுல அலி எங்கிருந்தோ தெம்பு வரவழைச்சு இவரைத் தள்ளாட விட்டு பாயிண்ட்ஸ்ல எடுத்துட்டாரு. ஆனா வாங்குன அடி சும்மா போகல, அலியோட டாக்டர் ஃபெர்டி பச்சேகோ கிட்னி ரிப்போர்ட் பாத்துட்டு இனிமே வேணாம்னு சொல்லி, யாரும் கேக்காததால அலி டீமை விட்டு விலகியே போயிட்டாரு. அவர் செஞ்சதுதான் சரி.

கணேஷ், ஜூரோங்: ஹோம்ஸ் ஃபைட்?

1979 மார்ச்ல நார்டனை முதல் ரவுண்டுலயே முடிச்சுதான் சாம்பியன் ஹோம்ஸ் கூட மோதுற வாய்ப்பு வந்துச்சு. செப்டம்பர்ல லாஸ் வேகாஸ், ஏழாவது ரவுண்டு, ஹோம்ஸ் மல்லாக்க விழுந்தாரு, வேற யாரா இருந்தாலும் அங்கயே கதை முடிஞ்சிருக்கும், ஹோம்ஸ் எழுந்துட்டாரு. 11வது ரவுண்டுல ரெஃபரி நிறுத்தினப்போ ஷேவர்ஸால கையைத் தூக்கவே முடியல.

ஈசூன்லேர்ந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 15 வயசு, நல்ல உடம்பு, பவர் வர என்ன பண்ணணும்?

அக்கா, பவரை அப்புறம் பாத்துக்கலாம். நானும் சின்ன வயசுல பஞ்சிங் பையைப் போட்டு அடிச்சா போதும்னு இருந்தேன், ஒரு சீனியர் வந்து என் பின்னங்கால் குதிகாலைத் தொட்டு, இது திரும்பினாதான் கை போகும்னு காட்டினாரு, அன்னைக்குதான் புரிஞ்சுச்சு. முதல் ஆறு மாசம் ஸ்கிப்பிங், ஜாப் (முன்கையால நேரா விடுற குத்து), கால் வேலை, இது போதும், ஆளோட மோதிப் பழகி தலையில அடி வாங்குற ஸ்பாரிங் இப்ப வேணவே வேணாம். சேக்குறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, ஷேவர்ஸுக்கே ரெட்டினா, அதாவது விழித்திரை, விலகித்தான் ஆட்டம் நின்னுச்சு. பையன் கண்ணாடி போடுறவனான்னு எழுதுங்க.