டோகாஃபா, ஸாக்மனா? முதலில் அந்தக் கொட்டேஷனைக் கொடுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் குடும்ப நிறுவனம் ஒன்றில் ஐ.டி. மேலாளராக இருக்கிறேன். மூன்று தொழிற்கூடங்கள், சுமார் 600 பேர். கணக்குக்கு டேலி, உற்பத்திக்கு ஒரு இ.ஆர்.பி. (சரக்கு, உற்பத்தி, ஆர்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நிர்வாக மென்பொருள்), டீலர்களுக்கு ஓர் ஆப், சர்வீஸுக்கு எக்செல் என்று எல்லாம் தனித்தனியாக ஓடுகின்றன. டீலர் ஆப்பின் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) வரும் மார்ச்சில் முடிகிறது. ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த எங்கள் எம்.டி., 'நமக்கும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் வேண்டும்' என்கிறார். ஓர் ஆலோசகர் 'டோகாஃப் அமைத்துத் தர 9 மாதம், 38 லட்சம்' என்று கொட்டேஷன் தந்திருக்கிறார் (இணைத்துள்ளேன்). இன்னொருவர், ஸாக்மன்தான் சிறந்தது என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? நான் இதற்குச் சான்றிதழ் படிக்க வேண்டுமா? எங்கள் குழுமத்தில் உள்ள சிறிய மென்பொருள் கம்பெனி அரசு டெண்டர்களுக்குப் போகிறது. அதற்கு இது கட்டாயமா?

பதில்: உங்கள் கேள்வியை விட்டுவிட்டு இணைப்பைத்தான் முதலில் படித்தேன். ஆறாவது வரியில் 'ஃப்ரேம்வொர்க் உரிமக் கட்டணம் 4 லட்சம்' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் வேலைகள், தகவல், மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று திட்டமிடுவதுதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். அதற்கான வழிமுறைகளில் ஒன்று டோகாஃப். அதை வெளியிடுவது ஓப்பன் குரூப் என்ற அமைப்பு. ஒரு நிறுவனம் தன் சொந்த வேலைக்கு டோகாஃபைப் பயன்படுத்த அவர்கள் காசு கேட்பதில்லை. அதை வைத்து அடுத்தவருக்கு வேலை செய்து சம்பாதிப்பவர்தான் வணிக உரிமம் வாங்க வேண்டும். தன் கடை வாடகையை உங்கள் பில்லில் ஏற்றியிருக்கிறார் மனிதர்.

அடுத்து ஒன்பதாவது வரி: 'நிறுவனத்துக்கு டோகாஃப் சான்றிதழ் பெற்றுத் தருதல்.' அப்படி ஒன்று கிடையாது. தேர்வு எழுதிய ஆளுக்குச் சான்றிதழ் உண்டு. சில மென்பொருள் கருவிகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9001 மாதிரி வந்து தணிக்கை செய்து, உங்கள் வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரும் ஏற்பாடு டோகாஃபில் இல்லை. எம்.டி.க்கு ஐ.எஸ்.ஓ. பழக்கம் என்பதால் இதை அவரிடம் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். அவர் மனதில் இருப்பது அந்தச் சட்டமாகக்கூட இருக்கலாம்.

சரி, டோகாஃபா ஸாக்மனா? இது இட்லியா இட்லிப் பானையா என்று கேட்பது போல. இரண்டும் ஒரே ரகம் இல்லை.

ஜான் ஸாக்மன் ஐ.பி.எம்.மில் இருந்தவர். 1987-இல் ஒரு கட்டுரை எழுதினார். வீடு கட்டும்போது சொந்தக்காரர் பார்க்கும் படம் வேறு, கட்டடக் கலைஞர் பார்ப்பது வேறு, மேஸ்திரி கையில் இருப்பது வேறு. கணினி அமைப்புகளுக்கும் இப்படித்தான் பல படங்கள் வேண்டும் என்பது அவர் வாதம். அது வளர்ந்து, மேலே என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்று ஆறு கேள்விகள், பக்கவாட்டில் ஆறு பார்வைகள் என்று 36 கட்டமாக நிற்கிறது. அதை ஒரு பெரிய அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று சொல்லும். எதை முதலில் தாளிப்பது என்று சொல்லாது.

டோகாஃப் செய்முறை சொல்லும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய ஒன்றை அடிப்படையாக வைத்து 1995-இல் வந்தது. 2022-இல் பத்தாம் பதிப்பு. ஓர் ஆயத்தக் கட்டம், அப்புறம் ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள்: எங்கே போக வேண்டும், தொழில் எப்படி நடக்கிறது, தகவலும் மென்பொருளும் எப்படி, வன்பொருள் எப்படி, எதை எப்போது மாற்றுவது என்று வரிசையாகப் போகும். அந்த ஆவணமே, 'உங்களுக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்கிறது. விற்க வருகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசிப்பதே இல்லை. கட்டத்துக்கு ஐந்து ஆவணம் என்று கணக்குப் போட்டு, ஆவணத்துக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். உங்கள் கொட்டேஷனிலும் 43 ஆவணங்கள் இருக்கின்றன. டீலர் ஆர்டர் போட்டால் சரக்கு எப்போது கிளம்பும் என்பதற்கு அதில் ஒன்றாவது பதில் சொல்லுமா என்று தேடினேன். இல்லை.

ஆகவே, இப்போதைக்கு இரண்டையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று வாரம் நீங்களே ஒரு வேலை செய்யுங்கள்.

எக்செல்லில் ஒரு தாள் திறந்து, கம்பெனியில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வரி போடுங்கள். அதன் பெயர், எதற்கு, அதற்குப் பொறுப்பான ஆள் (துறையின் பெயர் வேண்டாம், ஆளின் பெயர்), தகவல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, ஏ.எம்.சி. முடியும் தேதி, அட்மின் பாஸ்வேர்டும் மூல நிரலும் (சோர்ஸ் கோடு) யாரிடம். கடைசி நெடுவரிசையை நிரப்பும்போது உங்களுக்கு வியர்க்கும். எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலையில், சம்பள மென்பொருளின் பாஸ்வேர்டு இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன பையனிடம்தான் இருந்தது. மாதாமாதம் அவனுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் நல்ல பிள்ளை, சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் தாள் முடிந்ததும் ஒரே ஓர் ஆர்டரைப் பின்தொடருங்கள். 1 எச்.பி. மோனோபிளாக் 20 எண்ணம் என்று ஒரு டீலர் ஆப்பில் போடுகிறார். விற்பனைப் பிரிவு அதைப் பார்த்து இ.ஆர்.பி.யில் மறுபடி தட்டுகிறது. சரக்குக் கிளம்பும்போது டேலியில் மூன்றாவது முறை தட்டி, அங்கிருந்து இ-இன்வாய்ஸ் (ஜி.எஸ்.டி.க்கான மின்-பில்) எடுக்கிறார்கள். (ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினாலே 2023 ஆகஸ்ட் முதல் அது கட்டாயம், ஆகவே இந்தப் படியைத் தள்ளிப்போட முடியாது.) ஆறு மாதம் கழித்து பம்பில் காயில் போனால், சர்வீஸ்காரர் எக்செல்லில் நான்காவது பெயரில் தேடுகிறார். ஆப்பில் அது எம்பி-1, இ.ஆர்.பி.யில் எம்.பி.01.எச், டேலியில் 'மோனோ 1எச்பி பழையது' என்று இருக்கும். பழையது என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், கணக்குப் பிரிவில் ஒருவர் தவிர யாருக்கும் தெரியாது.

உங்கள் நோய் இதுதான். பொருள் குறியீடு யார் வீட்டுப் பிள்ளை என்று முடிவாகவில்லை. ஒரு மென்பொருள்தான் புதுக் குறியீட்டைப் பெற்றெடுக்க வேண்டும், மற்றவை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் இடத்தில் அது இ.ஆர்.பி.யாக இருப்பதுதான் இயல்பு. டோகாஃபின் மொழியில் இதற்குத் தகவல் கட்டமைப்பு என்று கௌரவமான பெயர் உண்டு, மூன்றாவது கட்டத்தில் வரும். ஏழு மாதம் காத்திருந்து அங்கே போய்ச் சேரத் தேவையில்லை.

டோகாஃபிலிருந்து இன்னொன்றையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர்க்கிடெக்சர் போர்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணக்கு, உற்பத்தி, விற்பனை, நீங்கள் என்று நால்வர், மாதம் ஒரு முறை டீக்கு உட்கார்ந்து, எந்த மென்பொருளை வாங்குவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்து, ஏன் என்பதை அரைப் பக்கம் எழுதி வைப்பது, அவ்வளவுதான். இவர்களைக் கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது என்று எம்.டி. கையெழுத்துப் போட வேண்டும். கொடிசியா கண்காட்சியில் ஒரு ஸ்டாலைப் பார்த்துவிட்டு அங்கேயே செக் எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் அவரேதான் என்பதால் அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விதி.

படம் வரைய வேண்டும் என்று தோன்றினால் ஆர்ச்சி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லட்சக்கணக்கில் சந்தா கட்டும் கருவி உங்கள் அளவுக்கு வேண்டாம். கொட்டேஷனில் அப்படி ஒரு கருவியின் பெயர் இருக்கிறதே, அந்த விற்பனையில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்று ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள். நேர்மையானவர் உண்டு, இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். 'நாங்கள் பார்ட்னர்ஷிப் அடிப்படையில்...' என்று ஆரம்பித்தால் உண்டு என்று அர்த்தம்.

ஆலோசகரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளையும் ஆர்டர் பயணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 'குறியீட்டை ஒன்றாக்கி, ஆப்பையும் டேலியையும் இ.ஆர்.பி.யோடு இணைக்க வழி சொல்லுங்கள்' என்று கேட்டால், நல்லவர் ஆறு வாரத்தில் முடிப்பார். பணத்தை ஆவணத்துக்குக் கொடுக்காதீர்கள்; மூன்று முறை தட்டியது ஒரு முறையானால் கொடுங்கள்.

இனி டெண்டர். மேலே சொன்னதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு இதுதான். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2018-இல் இண்டியா (IndEA, நாட்டின் பெயர் இல்லை, 'இந்தியா என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கென்று ஒரு கட்டமைப்பு நெறியை வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான்: ஒரு துறையின் மென்பொருள் இன்னொரு துறையின் மென்பொருளோடு பேச வேண்டும், குடிமகன் ஒரே சான்றிதழை நாலு கவுண்டரில் நீட்டக் கூடாது. பம்ப் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் டெண்டர் ஆவணத்தில் இண்டியா என்றோ டோகாஃப் என்றோ இருந்தால், உங்கள் மென்பொருள் கம்பெனி அதன்படிதான் போக வேண்டும். அங்கே என் சுருக்கு வழி எதுவும் செல்லாது.

போக வேண்டும் என்றால் எதுவரை? வேடிக்கை இங்கேதான். பல டெண்டர்களில் அந்த வரி போன டெண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது. நான் பார்த்த ஒன்றில் டோகாஃப் 9 என்றும் ஸாக்மன் என்றும் ஒரே பத்தியில் இருந்தது. எதை ஒப்படைக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. 'சான்றிதழ் பெற்ற மூவர் வேண்டும்' என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. இப்படி எழுதுவதால்தான் சான்றிதழ் வாடகைக் கடைகள் பிழைக்கின்றன. தரகர் ஒருவர் மூன்று பயோடேட்டா அனுப்புவார், ஆளுக்கு இவ்வளவு என்று விலை சொல்வார். அந்த மூவரும் அதே வாரம் நாலு கம்பெனியின் விண்ணப்பத்தில் இருப்பார்கள். வேலை கிடைத்தபின் ஆள் வர மாட்டார், துறை அபராதம் போடும், முன்வைப்புத் தொகை மாட்டிக்கொள்ளும். தரகரின் போன் எடுக்காது.

செய்ய வேண்டியது, ப்ரீ-பிட் கூட்டத்துக்கு (விலை போடும் முன் சந்தேகம் கேட்கத் துறை கூட்டுவது) முன்பே எழுத்தில் கேட்பது: எந்தப் பதிப்பு, எந்தெந்த ஆவணங்கள், எந்தத் தேதிக்குள், மூவரும் முழுநேரமா? துறை அதற்குத் திருத்த அறிவிப்பாக வெளியிடும் பதில் டெண்டரின் பகுதியாகிவிடும். வாயால் கேட்டு, அதிகாரி 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னதை நம்பி விலை போடாதீர்கள். பில் பாஸ் ஆகும் நாளில் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

சான்றிதழ் கேட்டீர்கள். பம்ப் கம்பெனிக்காக என்றால் அவசரமில்லை. மென்பொருள் கம்பெனியில் சொந்த ஆள் ஒருவருக்காவது இருப்பது, வாடகைக்கு எடுப்பதைவிட மலிவு. டோகாஃபின் முதல் நிலைத் தேர்வு 40 கேள்வி, 60 நிமிடம், 24 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆவணத்தை ஒழுங்காகப் படித்தாலே போதும். 'தேர்ச்சி உத்தரவாதம்' என்று வகுப்பு விற்பவர்களிடம் போக வேண்டாம்.

டீலர் ஆப்பின் ஏ.எம்.சி. மார்ச்சில் முடிகிறது என்றீர்கள். புதுப்பிக்கும் முன்பு, மூல நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அங்கே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால், அதை எழுதி வாங்காமல் புதுப்பிப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எக்செல் தாளில் அந்த வரியை முதலில் நிரப்புங்கள்.