டெமோ பெட்டியை ‘சாம்பிள்’ என்று அனுப்பலாமா?

கேள்வி: கோவையில் 12 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. விமான, வாகன எலக்ட்ரானிக்ஸைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் தயாரிக்கிறோம். ஜப்பானின் யோகோஹாமாவில் இன்கோசி என்ற சர்வதேச அமைப்பு நடத்தும் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கருத்தரங்கில் ஸ்டால் எடுத்திருக்கிறோம். டெமோ பெட்டியின் மதிப்பு சுமார் 6 லட்சம். “சாம்பிள், 5,000 ரூபாய் என்று போட்டு அனுப்பிவிடலாம்” என்கிறார் ஏஜென்ட். சரியா?

பதில்: வேண்டாம். போகும்போது யாரும் கேட்காமல் விட்டுவிடலாம். வில்லங்கம் திரும்பி வரும்போதுதான். காகிதத்தில் 5,000, எதிரே நிற்பதோ 6 லட்சத்துப் பெட்டி. இங்கிருந்து போன அதே பெட்டிதான் இது என்று சுங்க அதிகாரியிடம் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? புதிய இறக்குமதி என்று வரி போடுவார்கள், அபராதமும் சேரும். வழியில் உடைந்தால் காப்பீடு கேட்கவும் வழியில்லை. அறிவிப்பில் இருப்பது உங்கள் ஏற்றுமதி எண், உங்கள் கையெழுத்து. ஏஜென்ட் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்.

செய்ய வேண்டியது ஏடிஏ கார்னெட் எடுப்பது. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு இரு நாட்டிலும் வரி கட்டாமல் எல்லை தாண்ட உதவும் ஆவணம் இது. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இந்தியாவில் தொழில் வர்த்தக அமைப்பான ஃபிக்கி தருகிறது. கட்டணமும் காப்புத்தொகையும் உண்டு. பொருள் பட்டியலைச் சீரியல் எண்ணோடு கவனமாகப் போடுங்கள். கார்னெட் கைக்கு வந்த பிறகு அதில் ஒரு கேபிளைக்கூடச் சேர்க்க முடியாது.

நான்கு இடத்தில் முத்திரை வாங்க வேண்டும்: இங்கே புறப்படும்போது, ஜப்பானில் நுழையும்போது, அங்கே கிளம்பும்போது, இங்கே திரும்பும்போது. பெரும்பாலோர் கோட்டை விடுவது மூன்றாவதை. அது இல்லையென்றால் பெட்டி ஜப்பானிலேயே தங்கிவிட்டதாகக் கணக்கு. மாதங்கள் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். 2026-லும் கார்னெட்டிலிருந்து மஞ்சள் தாள், வெள்ளைத் தாள் என்று சுங்கத்தில் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விமான நிலையச் சுங்கத்தில் ராத்திரி ஷிப்டில் இருப்பவர் கார்னெட்டையே பார்த்திராமல் “கார்கோவுக்குப் போங்க” என்று சொல்வதும் நடக்கும். பெட்டியைக் கையோடு கொண்டுபோவதானால் எந்தக் கவுன்டர் என்று முன்கூட்டியே விசாரித்து, செக்-இன் செய்யும் முன்பே முத்திரையை வாங்கிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கைப் பலமுறை சொல்லியும் யாரும் கேட்பதில்லை. கார்னெட்டில் போவது அப்படியே திரும்பி வர வேண்டும். இலவசமாகக் கொடுக்கும் பேனா, சாவிக்கொத்து, கையேடு, மைசூர்பா எதுவும் அந்தப் பட்டியலில் வரக் கூடாது. “200 பேனாதானே” என்று எழுதிவிட்டு 12 பேனாவோடு திரும்பினால் மீதி 188 எங்கே என்ற கேள்வி வரும். அவற்றுக்குத் தனி இன்வாய்ஸ் போடுங்கள், கையேட்டை அங்கேயே அச்சடியுங்கள். ஸ்டாலுக்கு வந்தவர் பெட்டியையே விலைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆர்டர் வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று அனுப்புங்கள்.

விமானத்துறை என்கிறீர்கள், அதனால் உங்கள் கருவி ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களுக்கானது) வருகிறதா என்று இப்போதே பாருங்கள். வந்தால் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் (டிஜிஎஃப்டி) உரிமம் வேண்டும். கார்னெட் அதற்கு ஈடாகாது.

அப்புறம், கண்காட்சியாளர் பட்டியலில் உங்கள் பெயர் வந்ததுமே மெயில்கள் குவியும். “பங்கேற்பாளர் பட்டியல் விற்பனைக்கு” என்பது ஒன்று. இது கூட்டம் அலைமோதும் வணிகச் சந்தை அல்ல. கட்டுரை வாசிக்கவும் கேட்கவும் வந்தவர்கள் காபி இடைவேளையில் உங்கள் ஸ்டால் பக்கம்தான் வருவார்கள், பட்டியல் எதற்கு? “அதிகாரபூர்வ ஹோட்டல் முன்பதிவு” என்பது இன்னொன்று. அமைப்பாளர் தந்த கண்காட்சியாளர் கையேட்டில் பெயர் இல்லாத எவருக்கும் கார்டு எண் தராதீர்கள். மூன்றாவதுதான் மோசம்: “உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள், இலவசம்” என்று ஒரு படிவம். அடியில் பொடி எழுத்தில் மூன்று ஆண்டு விளம்பர ஒப்பந்தம், ஆண்டுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல். உலகக் கண்காட்சித் துறைக் கூட்டமைப்பான யூஎஃப்ஐ பல ஆண்டுகளாக எச்சரித்தும் இந்த வியாபாரம் ஓயவில்லை. அலுவலகத்தில் மெயில் பார்க்கும் தம்பி தங்கைகளிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

கார்னெட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இன்னொன்று: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், யோகோஹாமா பக்கம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று பாருங்கள். டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டால் அதையும் கார்னெட் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.