வார்டு கூட்டத்தில் வெப்பத் திட்டம் பற்றி என்ன கேட்கலாம்?

வணக்கம். உங்கள் நகராட்சியின் காலநிலை வரைவில் மரம் நடுவதும் சோலார் பலகையும்தான் இருக்கின்றன, கோடையைப் பற்றிப் பேச்சே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வார்டு கூட்டத்துக்குப் போகும் முன் அகமதாபாத் செய்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

2010 மே மாதம் அங்கே வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். 2013-இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்னறிவிப்பு 45 டிகிரியைத் தொட்டால் சிவப்பு எச்சரிக்கை. அது வந்ததும் எந்தத் துறை என்ன செய்யவேண்டும், ஒருங்கிணைக்கும் அதிகாரி யார் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். உங்கள் வரைவில் இது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அங்கே ஓர் அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். வெப்பத்தால் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. இதற்கு வெளிநாட்டு நிதி எதுவும் வேண்டாம்! அதனால் உங்கள் ஊரில் தகரக் கூரை வீடுகள், மருத்துவமனைகளின் மேல்தள வார்டுகள், நிழலில்லாத பேருந்து நிறுத்தங்கள் எங்கே என்று பட்டியல் கேளுங்கள்.

அப்புறம், உங்களுடையது கடலோர ஊர் என்றால் அந்த 45-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புழுக்கத்தில் வியர்வை காயாது. 38 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். எச்சரிக்கை அளவை உள்ளூர் இறப்புப் பதிவையும் ஈரப்பதத்தையும் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

மரம் நடட்டும், நல்லதுதான். நிழல் தர வருஷக்கணக்காகும். அடுத்த ஏப்ரலுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.